வாக்ஓவர்

தடைக்காலம் தொடங்கிப் பத்தொன்பதாம் நாள்.
விசைப்படகுகள் மூக்கோடு மூக்கு சேர்த்துக் கட்டிக்கிடக்க
தங்கச்சிமடத்தில் வேறென்ன செய்வது,
பந்து விளையாடுகிறோம்.
நான் ஆடுவதில்லை. விசில் ஊதுவேன்.
மற்ற நாளில் ஐஸ் வண்டி ஓட்டுபவன்.

பதினாறு அணி. பதினாறாவதாகப்
பேசாலை என்று எழுதியிருந்தார் எமரிட்டா அக்கா,
கருவாட்டு வாடிக்காரர், கோப்பை அவர் காசு.
படகில் ஒரு ராத்திரிகூட ஆகாத தூரம்.
அவர்கள் கொழும்பு போய், விமானம் ஏறி,
மதுரையில் இறங்கி, பஸ் பிடித்து வர வேண்டும்.

வலைக்கொட்டகையில் கூட்டம்.
வேண்டாம் என்று முதலில் கைதூக்கியவன் நான்.
என் மச்சான் படகு காரைநகரில் கிடக்கிறது
மூன்று மழைக்காலமாய். போட்டோ வந்தது:
பலகை பிளந்து, உள்ளே ஏதோ செடி முளைத்து.
அவனுங்க சட்டையில அந்தக் கொடி இருக்கும்,
அதுக்கு நான் ஊதணுமா என்றேன்.

கோச் செய்யது இபுறாம்சா, பாம்பன்காரர்,
நிதானமாகக் கேட்டார்:
"படகைப் பிடிச்சது நேவி. பந்து உதைக்கிறது இவனுங்க.
நேவி எடுத்துக்கிட்ட நிலத்துல இவனுங்க வீடும் இருந்துச்சு.
யார் மேல விழுதுன்னு பாத்து அடிக்கணும்ல?"

"கொடிக்குத் தனியா முகம் ஏது காக்கா,
ஆடுறவன் முகம்தான் அதுக்கு முகம்" என்றான் கஸ்பார்.
"அப்ப நம்ம கொடிக்கு உன் முகமா?"
என்றார் எமரிட்டா அக்கா.
சிரித்தோம். பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஒருவன் எழுந்து உலகக் கணக்கு சொன்னான்.
நிறம் பார்த்த நாடொன்றை ஒரு காலத்தில்
மைதானத்துக்கு வெளியே நிறுத்தினார்களாம்,
கடைசியில் பணிந்ததாம்.
"பந்தாலயா பணிஞ்சது?" என்றான் இன்னொருவன்.
எனக்கு அதெல்லாம் தெரியாது.
தெரிந்தது அறுபத்தொரு நாள்.
கடலுக்குப் போகாமல் இருப்பதும் ஒரு வேலைதான்.
மீன் சினைக்கட்டும் என்பதால் பசி தாங்குகிறது,
முடிகிற தேதி சுவரில் இருப்பதால்.
என் கோபத்துக்குச் சுவரில் தேதி இல்லை.

ஆடலாம் ஒன்பது ஓட்டு. வேண்டாம் நாலு.
சரி, ஊதுகிறேன் என்றேன்.

மறுநாள் அவர்கள் கேப்டன் றெஜினோல்டின்
குரல்பதிவு. பின்னால் காற்று இரைச்சல்.
"அண்ணை, கூப்பிட்டதுக்குச் சந்தோசம். நாங்கள் வரேல்லை.
வெளிக்கிட்டால் எயார்போட்டில எங்களை வரிசையா நிக்க வச்சு
ஒரு அமைச்சர் படம் எடுப்பார்.
அடுத்த நாள் பேப்பரில, எல்லாரும் சுகம் எண்டு வரும்.
எங்கட கோலியின்ர தமையனைக் கொண்டுபோய்ப் பதினைஞ்சு வருசம்.
தாய் இன்னும் றோட்டோரக் கொட்டில்ல
அவன்ர படத்தோட இருக்கிறா.
அந்தப் படத்துக்குப் பக்கத்தில இந்தப் படம் வேண்டாம்.
பிறகு, உங்கட இழுவைமடி எங்கட வலையை அறுத்த கணக்கிருக்கு.
அது வேற. ஒருநாள் நேரில வந்து கதைப்பம்."

நான் கேட்டது கிடைத்துவிட்டது.
நான் சொன்ன காரணத்துக்காக இல்லை.
உடம்பு கூசியது,
அடுத்தவன் வீட்டு இழவில் போய்
என் கடனை வசூலித்து வந்ததுபோல.

ஞாயிறு மாலை நாலரை. விதி விதிதான்:
வந்த அணி இறங்கிப் பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும்.
எங்கள் பதினொரு பேரும் நின்றார்கள்.
எதிர்ப்பாதி வெறும் மணல்.
சோழகக் காற்று பந்தை மெல்ல அந்தப் பக்கம் உருட்டிப்போனது.
எடுக்க யாரும் போகவில்லை.
ஆளில்லாத கோலைப் பார்த்தபடி
"அடிச்சா விழும்ல" என்றான் கஸ்பார்,
யாரிடமும் இல்லாமல்.

ஊதினேன்.
தாளில் காரணம் என்றொரு கட்டம்.
வரவில்லை என்பதா, மறுத்தார்கள் என்பதா,
முதலில் மறுத்தவன் நான் என்பதா.
நேரத்தை மட்டும் எழுதினேன்: 4.47.
இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றதை
எவரும் கேட்கவில்லை.